அட்டையோடு நின்றுபோகும் பல்வலி

ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளி வாசலில் அந்த வேன் வந்து நிற்கும். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் இறங்குவார்கள். பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். எடை, உயரம், கண், காது, தோல் என்று பார்த்துக்கொண்டே வந்து, "ஆ காட்டு" என்பார்கள். டார்ச் வெளிச்சம் வாய்க்குள் போய்வர ஐந்து வினாடி. அட்டையில் 'பல் சொத்தை' என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டும் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அதே வேன் வரும். அதே பிள்ளை வாயைத் திறக்கும். அதே பல், இன்னும் கொஞ்சம் கரைந்துபோயிருக்கும். அட்டையில் அதே இரண்டு சொல்.

வேனில் வருபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2013இல் ஒன்றிய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அது. ஆர்.பி.எஸ்.கே. என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. அந்த 30இல் பல் சொத்தையும் உண்டு. ஆனால் பல்லை அடைக்கவோ எடுக்கவோ வேனில் நாற்காலியும் இல்லை, பல் மருத்துவரும் இல்லை. இதயத்தில் ஓட்டை என்று எழுதினால் பின்னாலேயே தொலைபேசி வரும், அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கும். அப்படிப் பிழைத்த பிள்ளைகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். பல் என்று எழுதினால் அந்த அக்கறை கிடைப்பதில்லை. பல்லுக்காக யாரும் சாவதில்லையே என்ற எண்ணம்தான்.

இது ஏதோ ஒன்றிரண்டு பிள்ளைகளின் தொல்லை அல்ல. இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03இல் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில், 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. 12 வயதில் 53.8, 15 வயதில் 63.1. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பால்பற்களில் சொத்தை என்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பல் சொத்தையாகிறது. சொத்தையான பிறகு யாருடைய பல் அடைக்கப்படுகிறது, யாருடைய பல் பிடுங்கப்படுகிறது, யாருடையது அப்படியே வாயிலேயே அழுகுகிறது என்பதில்தான் ஊருக்கும் சேரிக்கும் வித்தியாசம் தெரிகிறது.

ஆறாம் வயதுப் பல்

"பால்பல்தானே, எப்படியும் விழுந்துரும்" என்று சொல்லாத வீடு இல்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். அவைதான் பிள்ளை சோற்றை மெல்லும் பற்கள். பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவைதான். முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஏறக்குறைய ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், ஓசையில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், இதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். இது விழுந்து முளைக்கும் பல் அல்ல. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றே வாயைத் திறக்கச் சொல்லி, கடைசியில் இருக்கும் அந்தப் பல்லின் குழிகளைப் பாருங்கள். கறுத்த கோடோ புள்ளியோ தெரிந்தால் அப்போதே காட்டிவிட வேண்டும். அந்த நிலையில் பல்லை அடைக்க ஒரே உட்காரல் போதும், ஊசிகூடத் தேவைப்படாது.

2023இல் தமிழக அரசு 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பரிசோதனைத் திட்டத்தைச் சென்னையில் தொடங்கியது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து வயது ஆகிவிட்டிருக்கும். பார்க்க வேண்டிய இடம் ஒன்றாம் வகுப்பு. அதற்கும் முன்னால் அங்கன்வாடி.

பிடுங்கினால் ஒரே நாள்

பேரையூர்ப் பக்கத்திலிருந்தோ கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்தோ ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. அன்றைய கூலி? 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். களையெடுப்பு, நடவு நாட்களில் ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள். சொத்தை ஆழமாகப் போயிருந்தால் வேர்ச் சிகிச்சை. அதற்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும். தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

ஒரு பிள்ளையின் பல்லைக் காப்பாற்றலாம், இன்னும் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு தாயிடம் சொன்னேன். "அண்ணே, ஒத்தைப் பல்லுக்காக மூணு நாள் வேலையை விடச் சொல்றீங்களா? பிடுங்கிப் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல?" என்று கேட்டார். அவர் கணக்கில் தப்பே இல்லை. அறியாமை, விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு மட்டும் எளிதா? மேலவாசல் போன்ற தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் தாயும் தகப்பனும் விடியுமுன்னே மஸ்டருக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை எழும்போது வீட்டில் பெரியவர்கள் இல்லை. கடைச் டீயும் பன்னும், இல்லையென்றால் ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட். அது பல்லில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை இருக்கும். பல் துலக்கினாயா என்று கேட்க ஆளில்லை. பெரியாஸ்பத்திரி நடந்துபோகிற தூரம்தான். பல் பிரிவு நடக்கிற நேரமும் அவர்கள் குப்பை அள்ளுகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது.

தென்மாவட்டங்களுக்கே தலைநகர் என்று நாம் பெருமை பேசும் மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அரசுக் கல்லூரி இல்லை. சென்னை, சிதம்பரம், 2023இல் புதுக்கோட்டை என்று மூன்று இடங்களில்தான் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் கிராமங்களில் முகாம் நடத்துகின்றன. அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரஷும் பேஸ்ட்டும் கொடுத்து, பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகும் முகாமுக்கும், சிகிச்சை முடியும் வரை அதே பிள்ளைகளைத் தேடி வரும் முகாமுக்கும் உள்ள வேறுபாட்டை ஊரார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி எட்டாக்கனியாக இருக்கும்போது கைவைத்தியம் வருகிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் பல்லில் இருக்கும் பூச்சி விழும் என்று இன்றும் நம்புகிறார்கள். பல்லில் பூச்சி இல்லை. இனிப்பைத் தின்னும் கிருமிகள் விடும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்பதும் கட்டுக்கதை. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. அழுகிய பல்லை விட்டு வைப்பதுதான் ஆபத்து. தாடையோ கண்ணுக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்க முடியாமல் போனால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாயும் தீட்டும்

கண்ணைத் தள்ளி நின்று பார்க்கலாம். மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள் என்று சொல்லலாம். பல் வைத்தியத்தில் அது நடக்காது. அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டாக வேண்டும், எச்சில் படும். சாதி எதை அதிகம் அருவருத்ததோ அதையே தொட வேண்டிய வைத்தியம் இது. இரட்டைக் குவளை என்பதே எச்சிலைப் பற்றிய ஏற்பாடுதானே.

அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். 1929இல் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் பள்ளி ஆசிரியர் 'யங் இந்தியா' இதழுக்கு எழுதிய கடிதம் அது. பிள்ளை பெற்ற அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. மருத்துவர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறார். அங்கேயும் தெர்மாமீட்டரை நேரடியாகக் கொடுக்கவில்லை. ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியில் திரும்பிப் போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் இறந்துபோனார்.

அது அந்தக் காலம் என்று சொல்லக் கூடும். 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா, குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவ சேவை எப்படிக் கிடைக்கிறது என்று ஆய்வு செய்தார். சோதிக்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் தொடாமல் விலகுவதே பிள்ளைகள் அதிகம் சொன்ன குறையாக இருந்தது. நம் பக்கத்தில் யாரும் தொடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அது வேறு விதமாக வருகிறது. "எந்த ஊர்? ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வி. "இதெல்லாம் ஒரு வாயா, போய் நல்லாக் கழுவிட்டு வா" என்ற அதட்டல். இரண்டையும் நான் ஒரே காலையில், ஒரே சிகிச்சை அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை கழுவப் போனது. திரும்பி வரிசைக்கு வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே, வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளையும் "வாங்க தம்பி, வாங்க பாப்பா" என்று கூப்பிட்டுக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைத்த ஒரு பெண் மருத்துவரும் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படி இருக்கலாம்.

விடுதிப் பிள்ளைகளின் கதை இன்னும் கொஞ்சம் மோசம். ஒரு விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் பல்வலியில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பார்த்தேன். கிராம்பை மென்று வாய் எரிந்துபோயிருந்தது. "ரெண்டு வாரமா இருக்கு சார். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் நிக்கும்" என்றான். மறுநாள் கணக்குப் பரீட்சை. வீட்டில் இருந்தால் அம்மாவாவது தலையைத் தடவிக் கொடுத்திருப்பார். 2025இல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு அரசு விடுதிகள் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறின. பெயர் மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். விடுதிப் பிள்ளைக்கு ராத்திரி பல் வலித்தால் காப்பாளர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கும் ஓர் ஆணை வந்தால் அதையும் வரவேற்பேன்.

கரண்ட் வேண்டாம், நாற்காலி வேண்டாம்

கிராமத்துக்குப் பல் சிகிச்சையைக் கொண்டுவர முடியாது, சாமான்கள் அதிகம், செலவு அதிகம் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. 1980களின் நடுவில் தான்சானியாவில் இதே கேள்வி வந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் பல்லை எப்படி அடைப்பது? துளைக்கும் இயந்திரம் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையின் மெதுவான பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைக்கும் முறை அங்கே உருவானது. வகுப்பறை பெஞ்சில் படுக்கவைத்தே செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 1994இல் இதை ஏற்றுப் பரப்பியது.

அதைவிட எளிது சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவம். சொத்தையில் ஒரு நிமிடம் தடவினால் போதும். வலிக்காது, ஊசி இல்லை. ஒரே சொட்டில் பல பற்களுக்குத் தடவலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவினால், பால்பல் சொத்தையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மேலும் பரவாமல் நின்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதையும், அந்தச் சிமென்ட்டையும், ஃப்ளூரைடு பற்பசையையும் சேர்த்தது.

ஒரு குறை உண்டு: தடவிய இடம் கறுத்துவிடும். ஏழைப் பிள்ளைக்குக் கறுப்புப் பல், பணக்காரப் பிள்ளைக்கு வெள்ளைப் பல்லா என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் ஊரில் முன்பல்லைக் கறுப்பாக்கி அனுப்புவது சின்ன விஷயம் அல்ல. என் கருத்து இது: பின்பற்களுக்குத் தயங்க வேண்டாம், முன்பல்லுக்கு வெள்ளைச் சிமென்ட் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். எதுவானாலும் முதலில் தாய் தகப்பனிடம் சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுச் செய்ய வேண்டும்.

நியூசிலாந்தில் 1921 முதலே, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற பல் செவிலியர்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பல் அடைத்தார்கள். பிள்ளைகள் அந்த அறைக்குக் 'கொலைக்களம்' என்று பட்டப்பெயர் வைத்தது வேறு கதை. ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளில் தினமும் ஆசிரியர் முன்னால் பல் துலக்கவைக்கிறார்கள். 2003இல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளில் 45 விழுக்காட்டினருக்குத்தான் வெளிப்படையான சொத்தை இல்லாமல் இருந்தது. 2018இல் அது 71 ஆனது. அது பணக்கார நாடு என்றால் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2006 கணக்கெடுப்பில் 6 வயதுப் பிள்ளைகளில் 97 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்த நாடு அது. அதன்பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் கை கழுவுதல், பல் துலக்குதல், ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். நடத்துபவர்கள் ஆசிரியர்கள், பல் மருத்துவர்கள் அல்ல.

நமக்கு இதில் ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போகிறார்கள். அதே குழாயடியில், பெயர் எழுதிய பிரஷும் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட்டும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. தண்ணீர் வரும் குழாய் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பல பள்ளிகளில் அதுவே போராட்டம்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்தில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். அதைத் துலக்காத அழுக்கு என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். அது தண்ணீர் செய்த வேலை. அப்படிப்பட்ட ஊர்களில் முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது?

பணம் இல்லை என்ற பதில் இனி செல்லாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதப்படி நிதியை ஒதுக்கி, அதை அந்த மக்களுக்கே செலவழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு இருமுறை ஒரு பல் மருத்துவரும் உதவியாளரும் கைக்கருவிப் பெட்டியோடு போய்வர அந்த நிதியில் வழி செய்ய முடியும். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் வட்டார அரசு மருத்துவமனையின் பல் பிரிவு சனிக்கிழமையும் மாலையிலும் இயங்கினால், கூலியை இழக்காமல் பிள்ளையைக் கூட்டிவர முடியும். இந்த இரண்டையும் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது.

தீர்மானத்துக்கு முன்னால் கையில் கணக்கு வேண்டும். கல்லூரி மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நான்கே கேள்வி. கடந்த கல்வியாண்டில் நம் ஒன்றியத்தில் நடமாடும் மருத்துவக் குழு எத்தனை பிள்ளைகளைச் சோதித்தது? அதில் எத்தனை பேர் அட்டையில் பல் சொத்தை என்று எழுதப்பட்டது? அவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள்? வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பல் அடைக்கப்பட்டது, எத்தனை பேருக்குப் பிடுங்கப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்ய அடுத்த 30 நாள் இருக்கிறது.